ஆண் ஒன்று, பெண் ஒன்பது

பிப்ரவரி 12, திங்கள்

காலை: நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம்: சோறு, சாளைக் குழம்பு.

இதை எழுதச் சொன்னவள் என் மனைவி பிரகாசி. நானும் ஜெபமாலையும் முப்பது வருடம் ஒரே வள்ளத்தில் சங்கு குளித்தவர்கள். போன வருடம் அவன் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே ஏறி வந்துவிட்டான். அப்படி ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிவிடும். கை கால் தப்பியது, தலைதான் குழம்பிவிட்டது. காலையில் தின்றது அவனுக்கு மதியம் நினைவில் இருப்பதில்லை. அதிலிருந்து பிரகாசிக்கு என் மேல் ஒரு கண். சர்ச்சில் கொடுத்த டைரியைக் கையில் திணித்து, "தெனமும் என்ன தின்னிய, என்ன செஞ்சியன்னு எழுதுங்க. மறுநா நான் கேப்பேன்" என்றாள். ஐம்பத்தெட்டு வயதில் வீட்டுப்பாடம்.

இன்று புது வேலை. பூங்கோதை என்று தருமபுரிப் பெண் ஒருத்தி, ஆராய்ச்சி செய்கிறவள், இரண்டு வருடமாக இங்கே கடலுக்குப் போய் வருகிறாள். கடலே இல்லாத ஊரில் பிறந்ததாலோ என்னவோ, வள்ளத்தில் நண்டு மாதிரி ஒருக்களித்துத்தான் ஏறுவாள். போன வாரம் படகுத்துறையில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டு மாவுக்கட்டோடு இருக்கிறாள். கட்டுப் பிரிக்கும் வரை அவளுக்காக நான் முங்கி மீன் எண்ண வேண்டும். நண்டுக்கல் பார் என்று நாங்கள் சொல்லும் பாறைத்திட்டு. ஆழம் இரண்டு பாகம், இரண்டு ஆள் உயரம்தான். மூச்சுக்கு வள்ளத்திலிருந்து காற்றுக் குழாய் வரும். நாற்பது நாள், ஞாயிறு உட்பட. மீனுக்கு ஞாயிறு கிடையாதாம்.

எண்ண வேண்டியது கிளிமீன் சாதியில் விரல் நீளத்துப் பொடியன். வலையில் வந்தால் பூனைக்குப் போடுவோம். அதற்கு இங்கிலீஷில் முழ நீளப் பேர் வைத்திருக்கிறாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: எதையும் தொடக் கூடாது, எடுக்கக் கூடாது, எண்ண மட்டும் வேண்டும். மாதா மேல் ஆணையாகத் தொடமாட்டேன் என்றேன். என் வலது காது கேட்கிறதா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சங்குக்குப் போகும் ஆழத்தை இந்தக் காது இனித் தாங்காது. இந்த இரண்டு பாகம்தான் எனக்கு மிச்சமிருக்கும் கடல்.

அவள் கொடுத்த தாளில் கட்டம் பார்த்து எழுதிய முதல் நாள் கணக்கு: ஆண் 1, பெண் 9.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். ஒரு பொழுது. பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு தண்ணீரில் இறங்கினேன். சாம்பல் கரைந்துவிட்டது. இது பாவமா என்று தெரியவில்லை.

இன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். ஆண் பச்சை. முகத்தில் ரோஸ் நிறத்தில் கோணல் மாணலாகக் கோடுகள். குழந்தை கிறுக்கியது போல இருக்கும். பெண்கள் சந்தன நிறம், பக்கத்தில் ஒரு நீளக் கோடு. முதலில் இரண்டும் வேறு வேறு மீன் என்றே நினைத்தேன். ஒரே சாதிதான் என்று பூங்கோதை மேடம் அடித்துச் சொல்கிறாள்.

பாரின் வடக்கே பவளக்கல், தெற்கே கொஞ்சம் மணல். பகல் முழுக்கக் கல்லுக்கும் மணலுக்கும் நடுவே ஓயாமல் கொத்திக்கொண்டே திரியும். கண்ணுக்குத் தெரியாத பொடி இறாலும் புழுவும்தான் அதற்குச் சாப்பாடு. பெரிய மீன் நிழல் தட்டினால் போதும், தலைகுப்புற மணலுக்குள் பாய்ந்து மறைந்துவிடும்.

அடையாளம் வைத்து எண்ணினால் பிசகாது. நெஞ்சருகே புள்ளி உள்ளவள் பொட்டுக்காரி. எப்போதும் பின்தங்கி வருகிறவள் சோம்பேறி. வால் நுனியில் கத்தரித்தது போலக் கீறல் உள்ளவள் வெட்டுவாலி. பெண்களில் அவள்தான் பெரியவள். சாப்பாட்டுப் பந்தியில் முந்தி உட்காருகிற சம்பந்தியம்மா குணம்.

ஆண் 1, பெண் 9.

பிப்ரவரி 17, சனி

காலை: ஆப்பம், தேங்காய்ப்பால்.

பச்சைக்கு ராஜா என்று பேர் வைத்தாயிற்று. மத்தியானம் அவன் செய்த கூத்தைப் பார்க்க வேண்டும். துடுப்பை விரித்து ஒவ்வொருத்தியையும் சுற்றிச் சுற்றி வந்தான். சோம்பேறி ஒத்துக்கொண்டதும் இருவரும் அம்பு மாதிரி மேலே பாய்ந்து, ஒரு நொடியில் அவள் முட்டையும் அவன் விந்துப் பாலும் விட்டுப் பிரிந்து கீழே வந்துவிட்டார்கள். குடும்பம் நடத்த ஒரு நொடி போதுமாம்.

வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பிரகாசி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "முப்பது வருசமா நீங்களே பாத்து நீங்களே சிரிக்கிய. அந்த மீனு எப்படித்தான் இருக்கும்?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு நின்றுவிட்டது. கடலில் நான் பார்த்த எதையும் அவள் பார்த்ததில்லை. உயிரில்லாத சங்கையும் மீனையும்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

ஆண் 1, பெண் 9.

பிப்ரவரி 20, செவ்வாய்

காலை: இடியாப்பம், சொதி.

மேடம் சாயங்காலமும் ஒரு முறை முங்கச் சொல்லியிருந்தாள். வெயில் தாழ்ந்ததும் ஒவ்வொன்றாக மணலுக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன. ராஜா கடைசி. தெற்கு ஓரத்து மணலில் மூளை மாதிரி சுருண்ட ஒற்றைப் பவளம், மூளைக்கல், கிடக்கிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி, தினமும் அதே இடம்.

பிரகாசிக்கு ஒரு தடவை காட்டிவிடலாம் என்று அவனை மணலோடு சேர்த்து இரண்டு கையாலும் அள்ளினேன். தண்ணீர்க் கேனில் விட்டு, மேலே வந்து துண்டைப் போட்டு மூடினேன். வள்ளம் ஓட்டுகிற தொம்மை, பிரகாசியின் தம்பி, கேனைப் பார்த்தான், பிறகு வள்ளத்தைக் கிளப்பினான். நாளைக் காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது.

வீட்டில் வாளியில் மாற்றி விட்டேன். பிரகாசி அதற்குள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "யாத்தே, பட்டுச்சேலைக் கரை மாதிரில்லா இருக்கு" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து பார்த்து எத்தனை வருடமாயிற்று.

பிப்ரவரி 21, புதன்

ராஜா செத்துப்போனான். எழுந்து பார்த்தபோது வாளியில் ஒருக்களித்து மிதந்தான். ராத்திரி முழுக்க வாளியின் அடியை முட்டிக்கொண்டே இருந்ததாம், பிரகாசிக்குக் கேட்டதாம். வலது காதை மேலே வைத்துத் தூங்குகிற எனக்கு எங்கே கேட்கும். அவளே கறிவேப்பிலைக் கன்றின் அடியில் குழி தோண்டிப் புதைத்தாள்.

காலைச் சாப்பாடு நினைவில்லை. சாப்பிடவில்லை என்று பிரகாசி சொல்கிறாள்.

பத்து மணிக்கு முங்கினேன். ஒன்பது பெண்களும் இருந்தார்கள். முதலாளி இல்லாத கடை மாதிரி கிடந்தது. இந்த வெட்டுவாலியின் திமிரைப் பாருங்கள், துக்கம் கேட்க வேண்டாமா? பொட்டுக்காரியைத் துரத்து துரத்தென்று துரத்துகிறாள். ராஜா ரோந்து போகிற வழியில் இவள் போகிறாள்.

தாளில் ஆண் என்ற கட்டத்துக்கு முன் பென்சில் நின்றது. எழுதிவிட்டேன். ஆண் 1, பெண் 9. தொம்மை வழக்கம்போலப் போனில் படம் பிடித்து மேடத்துக்கு அனுப்பினான். கடலில் மீனுக்கா பஞ்சம், இரண்டு நாளில் வேறொரு ஆண் வந்து சேர்ந்துவிடும், அப்போது கணக்கு நேராகிவிடும்.

பிப்ரவரி 24, சனி

காலை: தோசை.

வேறு ஆண் வரவில்லை. தாளில்: ஆண் 1, பெண் 9. உள்ளது: பெண் 9.

வெட்டுவாலிக்கு என்ன திமிரோ, மற்றவர்கள் முன்னால் துடுப்பை விரித்துக்கொண்டு நிற்கிறாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பொய்யோடு போய்ச் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க மனசு வரவில்லை. பிரகாசி பார்த்தாள்.

பிப்ரவரி 28, புதன்

காலை: உப்புமா. பிடிக்காது, தின்றேன்.

மேடம் போனில் கூப்பிட்டாள். இடது காதில் வைத்துப் பேசினேன். ராஜா எப்படியிருக்கிறான் என்றாள், தொம்மை பேரைச் சொல்லியிருப்பான். சுகமாக இருக்கிறான் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். பேச்சுவாக்கில் அவளே சொன்னாள்: இந்த மீன்களைத் தொட்டியில் வைத்தால் அடியில் மணல் போட வேண்டுமாம், படுக்க மணல் இல்லாவிட்டால் முட்டி முட்டியே செத்துப்போகுமாம்.

ஒரு கைப்பிடி மணல். அதுவும் அள்ளும்போது என் கையிலேயே இருந்தது. வாளி அழுக்காகுமே என்று அதைக் கழுவிக் கொட்டிவிட்டேன்.

மார்ச் 2, சனி

காலை: ஆப்பம்.

வெட்டுவாலிக்கு உடம்பு சரியில்லை. பக்கத்துக் கோடு மங்கிக்கொண்டு வருகிறது, சந்தன நிறம் கறுத்து அழுக்காகத் தெரிகிறது. முகத்தில் ஏதோ சிவப்பு. சீக்காக இருக்கும். ஆனால் சீக்காளி இப்படியா ஓடுவாள்? ஒன்றும் புரியவில்லை.

தாளில் அதே கணக்கு.

மார்ச் 4, திங்கள்

கலக்கல். கையை நீட்டினால் கை தெரியவில்லை. தாளில் கலக்கல் என்றே எழுதினேன். உண்மையை எழுதுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

கலக்கல்.

மார்ச் 6, புதன்

கலக்கல். வீட்டில் இருந்தேன். உப்பு வாங்கப் போய்ச் சீனி வாங்கி வந்தேன். பிரகாசி ஒன்றும் சொல்லாமல் தானே போய் உப்பு வாங்கி வந்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மார்ச் 9, சனி

காலை: நாலு தோசை, மிளகாய்ப் பொடி. இதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். தெளிவான தலையோடு எழுதுகிறேன்.

இரண்டு நாளாக அரைத் தெளிவில் நிழல்தான் தெரிந்தது, தாளில் பழைய கணக்கையே எழுதினேன். இன்று தண்ணீர் தெளிந்துவிட்டது. முங்கினேன். ராஜா இருக்கிறான்.

பச்சை உடம்பு, முகத்தில் ரோஸ் கோடுகள். அதே ரோந்து வழி. என் கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் நின்று என்னைப் பார்த்தான். மேலே வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முங்கினேன். இருக்கிறான்.

பெண்களை எண்ணினேன். எட்டு. மூன்று தடவை எண்ணினேன். எட்டு, எட்டு, எட்டு. வெட்டுவாலியைக் காணோம். சீக்கில் செத்திருப்பாள். அதுகூடப் போகட்டும். ராஜாவின் வால் நுனியில் கத்தரித்தது போலக் கீறல் இருக்கிறது. ராஜாவுக்கு எப்போது வாலில் வெட்டுப்பட்டது? அவனை அள்ளிய இரண்டு கைகளும் இவைதான். வால் முழுசாக இருந்தது.

செத்தவன் எப்படி வந்தான்? வந்தவன் எதற்கு அவள் வாலை மாட்டிக்கொண்டு வந்தான்?

தாளில் ஆண் 1 என்று எழுதினேன். பதினெட்டு நாளில் இன்றுதான் அந்தக் கட்டத்தில் பொய் இல்லை. பொய் பக்கத்துக் கட்டத்துக்கு மாறியது. பெண் 9 என்று எழுதிவிட்டேன். எட்டு என்று எழுதினால் மேடம் ஏன் என்று கேட்பாள்.

மார்ச் 10, ஞாயிறு

பிரகாசியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நேற்றுக் காலை என்ன சாப்பிட்டீர்கள் என்றாள். நாலு தோசை, மிளகாய்ப் பொடி என்றேன். சரிதான் என்றாள். ஆனாலும் முகம் தெளியவில்லை.

"என் கையாலல்லா பொதைச்சேன்" என்றாள்.

மத்தியானம் இருவரும் கறிவேப்பிலைக் கன்றின் அடியைத் தோண்டினோம். பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல் எட்டிப் பார்த்து என்ன தேடுகிறீர்கள் என்றாள். உரம் வைக்கிறோம் என்றாள் பிரகாசி. பத்து நிமிடத்தில் கிடைத்தது. தீக்குச்சி நீளத்தில் ஒரு முள்ளும் தலை ஓடும். எறும்பு சுத்தமாகத் தின்றிருந்தது.

ஆக, ராஜா செத்தது நிஜம். அப்படியானால் நான் நேற்றுப் பார்த்தது?

அவள் மண்ணைத் தள்ளி மூடினாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

ஜெபமாலை வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். "வாடே கஸ்பாரு, தண்ணி எப்படி?" என்றான். தெளிவு என்றேன். அவன் மனைவி காப்பி கொண்டுவந்தாள். குடித்து முடிப்பதற்குள், "வாடே கஸ்பாரு, தண்ணி எப்படி?" என்றான்.

உனக்கு இப்படி ஆனபோது முதலில் என்ன தெரிந்தது என்று கேட்டேன். தம்ளரைக் கீழே வைத்தான். "எண்ணிக்கை சேராதுடே. பையில பன்னெண்டு சங்கு போடுவேன். மேல வந்து எண்ணினா பதினொண்ணு இருக்கும். நீதான் எடுத்தேன்னு உன்கூடச் சண்டைக்கு வந்தேன், ஓர்மை இருக்கா?"

எனக்கு அப்படி ஒரு சண்டை நினைவில் இல்லை. அவன் நினைவு தவறா, என் நினைவு தவறா என்று கேட்க, அன்று வள்ளத்தில் இருந்த வேறு யாரும் அங்கே இல்லை. திரும்பும்போது தெருமுனை வரை, ஒன்று முதல் நூறு வரை எண்ணிக்கொண்டே வந்தேன்.

ஆண் 1, பெண் 8. தாளில் 9.

மார்ச் 15, வெள்ளி

காலை: கஞ்சி. சிலுவைப்பாதைக்குப் போனோம்.

கண்ணால் கண்டதும் பொய் என்பார்களே, அதைச் சோதித்துவிடலாம் என்று இன்று அரை மணி நேரம் கல்லைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். பச்சை வந்தது. துடுப்பை விரித்தது. பொட்டுக்காரியைச் சுற்றியது. இருவரும் மேலே பாய்ந்தார்கள். பால் மேகம் போலக் கலைந்ததையும் பார்த்தேன். ஆண்தான். சந்தேகமே இல்லாத ஆண்.

வாலில் வெட்டு.

வெட்டுவாலிக்கு உடன்பிறந்த அண்ணன் எவனாவது இருப்பானோ, குடும்பத்துக்கே வால் அப்படியோ என்றுகூட யோசித்தேன். மீனுக்குக் குடும்ப வாலா? எனக்குத்தான் கழன்றுவிட்டது.

மார்ச் 18, திங்கள்

பிரகாசி இந்த டைரியைப் படிக்கிறாள். நான் தலையணைக்கு அடியில் வைக்கும் பக்கம் மாறியிருக்கிறது. படிக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொல்லப் போகிறாள், எந்த நேரத்தில் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். உயிர்ப்புத் திருநாள் கழியட்டும் என்று நான் சொல்லப் போகிறேன்.

ஆண் 1, பெண் 8.

மார்ச் 22, வெள்ளி

நாற்பதாம் நாள். ஆண் 1, பெண் 8. தாளில் 9. முடிந்தது.

பார் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மூளைக்கல்லுக்கு ஒரு சாண் தள்ளி, ராஜா படுத்த அதே மணலைத் தொட்டுப் பார்த்தேன். ராஜாவிடமா, வேறு யாரிடமா தெரியவில்லை, மன்னிப்புக் கேட்டேன். வாயில் குழாய் இருந்ததால் குமிழிதான் வந்தது.

மார்ச் 23, சனி

காலை: இட்லி. எத்தனை என்று எண்ணவில்லை. இனி எண்ணவும் வேண்டாம்.

நாற்பது தாளையும் எடுத்துக்கொண்டு பூங்கோதை மேடம் தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். கட்டுப் பிரித்துவிட்டார்கள், கை குச்சி போல மெலிந்து வெளுத்திருந்தது. தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன். கடைசித் தாளை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமே நடக்கலைங்கண்ணா. நாப்பது நாளும் அதே ஒண்ணு, அதே ஒம்பது."

என்ன நடந்திருக்க வேண்டும் என்றேன்.

"அந்த ஆண் செத்திருக்கணும்" என்றாள்.

எனக்கு இருந்த ஒரு காதும் அடைத்துப் போனது. அவள் சொல்லிக்கொண்டே போனாள். அந்த ஆண் மீனை அப்புறப்படுத்த அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. தானாகப் போனால்தான் உண்டு. அதற்காகத்தான் இரண்டு வருடம் காத்திருந்தாள். புதன்கிழமை ஊருக்குப் போகிறாள். வேறு ஏதாவது எழுதி முடித்துக்கொள் என்று அவள் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

"ஆண் போயிட்டா என்ன ஆகும்?"

"கூட்டத்துல பெரிய பொண்ணு ஆம்பளையா மாறிடும்ணா. அன்னைக்கே மத்ததுங்கள வெரட்ட ஆரம்பிக்கும்னு படிச்சிருக்கேன். அப்புறம் கோடு மங்கும், பச்சை ஏறும், மொகத்துல கோடு வரும். ரெண்டு மூணு வாரத்துல முழு ஆம்பளை. உங்க ராஜாவே ஒரு காலத்துல பொண்ணா இருந்திருக்கும். எந்த நாள்ல எது மாறுதுன்னு என் கண்ணால பாக்கத்தான் வந்தேன்."

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன் என்று கேட்டேன்: யாரோ ஒருவன் ஆணைப் பிடித்துவிட்டான், ஆனால் ஒவ்வொரு நாளும் பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறான், அது உதவுமா? அது தப்பான வழி, எடுத்துக்கொள்வார்களா தெரியவில்லை, மேலிடத்துக்கு நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டியிருக்கும் என்றாள். தாள்களை அடுக்கிக்கொண்டே, "ஆனா அந்தத் தேதியெல்லாம் கெடைச்சா இந்தக் கையத் திரும்ப ஒடச்சுக்கவும் நான் தயார்" என்றாள்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று சிரித்தேன். டீக்கடைக்காரன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். எட்டு எட்டுத்தான். வெட்டு வெட்டுத்தான். என் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரித்து முடிந்ததும்தான் உறைத்தது. என் தலை சரி என்றால் என் தாள்தான் தப்பு.

மார்ச் 24, ஞாயிறு

குருத்து ஞாயிறு. பிரகாசியிடம் எல்லாம் சொன்னேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ராத்திரியெல்லாம் என் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தாளாம். ஆஸ்பத்திரிச் சீட்டுகூடப் போட்டு வைத்திருக்கிறாள். பிறகு சட்டென்று, "அப்ப அந்தப் பொட்டச்சிதான் ஆம்பளையா ஆனாளா?" என்றாள். ஆமாம் என்றேன். ராஜா போன அன்றைக்கே அவள் தொடங்கிவிட்டாள், நான்தான் திமிர் என்று எழுதினேன்.

டைரியைக் கொடுப்பதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. கொடுத்தால் மாதா மேல் இட்ட ஆணை, திருடிய மீன், இருபத்தெட்டு பொய்த் தாள், காது, எல்லாம் சந்திக்கு வரும். தண்ணீருக்குள் இனி யார் என்னை இறக்குவார்கள்? கொடுக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. யாருக்கும் தெரியாது. தொம்மை வாய் திறக்கமாட்டான்.

பிரகாசி உலை வைக்க எழுந்து போனாள்.

மார்ச் 25, திங்கள்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மீன் திருடினேன் என்றேன். எத்தனை கிலோ என்று சாமியார் கேட்டார். ஒரு விரல் நீளம் என்றேன். பொய்யும் எழுதினேன், இருபத்தெட்டு தடவை என்றேன். பத்து அருள் நிறைந்த மரியே சொல், திருடியதை உடையவரிடம் திருப்பிக் கொடு என்றார். செத்துப்போயிற்றே சாமி என்றேன். அப்படியானால் அதற்கு ஈடாக உன்னிடம் என்ன இருக்கிறதோ அதைக் கொடு என்றார்.

வீட்டுக்கு வந்தபோது பிரகாசி டைரியைத் துடைத்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு மேசை மேல் வைத்திருந்தாள். பக்கத்தில் ராஜாவின் எலும்பும் இருந்தது. தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, முள்ளும் தலை ஓடும். மறுபடி எப்போது தோண்டினாள் என்று தெரியவில்லை.

"தலை நல்லாருக்குன்னு தெரிஞ்சிட்டுல்லா. காது போனா என்ன, நான் சத்தமாப் பேசுதேன்" என்றாள்.

மார்ச் 26, செவ்வாய்

காலை: ஆப்பம், தேங்காய்ப்பால்.

பூங்கோதை மேடம், இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். பிப்ரவரி 21-லிருந்து தாளில் உள்ளது பொய். கலக்கல் என்று எழுதிய மூன்று நாள் மட்டும் நிஜம். இந்த டைரியில் உள்ளது எல்லாம் நிஜம், இட்லி உட்பட. நீங்கள் தேடிய தேதிகள் இதில் இருக்கின்றன, நான் வாய்க்கு வந்தபடி திட்டிய இடங்களில் எல்லாம் பாருங்கள். திமிர் என்று எழுதியது முதல் நாள். சீக்கு என்று எழுதியது பதினோராம் நாள். ராஜா திரும்பி வந்தான் என்று நான் பயந்தது பதினெட்டாம் நாள். இது உதவுமா உதவாதா எனக்குத் தெரியாது. மேலிடத்தில் என் பேரைச் சொல்லுங்கள். தொம்மை பேர் வேண்டாம், அவன் பார்த்தது ஒரு கேனை மட்டும்தான்.

உங்களை நண்டு என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பென்சிலை எடுத்தேன். இந்தப் புத்தகத்தில் ஒன்றை அடித்தால் மற்றதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று விட்டுவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

இன்று காலையில் யாரும் அனுப்பாமல் தொம்மையோடு போய் ஒரு முறை முங்கினேன். இதுதான் கடைசியாக இருக்கலாம். தாள் கொண்டுபோகவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆண் 1. வால் நுனியில் வெட்டு. பெண் 8.

மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் சரியாக இருந்தது.